இரண்டாவது ஸ்லைடு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை, இன்னும் நிரந்தரமாகவும் இல்லை. லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்து வைக்கிற அறையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, நாலைந்து சாய பாட்டில், ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்று. கரண்ட்டை நம்ப முடியாது. ஜன்னல் வழியாக வரும் வெயிலை மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும் கண்ணாடியில் பிடித்து, அந்த வெளிச்சத்தில்தான் பார்ப்பேன். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா, இருமல்காரர்களின் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதே தினசரி வேலை. சுற்று வட்டாரத்தில் எனக்கு 'சளி டெஸ்ட் மேடம்' என்று பெயர்.

மாசி மாதக் கடைசி. ஒரு புதன்கிழமை காலை, ஸ்பிரிட் தீர்ந்துபோனதால் கட்டுப் போடும் அறைக்கு வாங்கப் போனேன். அங்கே ஸ்டூலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. காட்டோரத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த ஆட்டுக்காரக் குடும்பம். தங்களுக்குள் கன்னடம் பேசினார்கள், எங்களிடம் தமிழ்.

அவருடைய முன்னங்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். நடுவில் கரியை வைத்துத் தேய்த்தது போலக் கறுப்பு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். முழங்கையைத் தாண்டியும் வீக்கம் ஏறியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஏதோ விஷப்பூச்சி கடித்துச் சீழ் வைத்திருக்கும் என்று கட்டுப் போடச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கு வெளி நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவரைக் குறை சொல்ல முடியாது.

நர்ஸ் அந்தப் புண்ணை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தபோது எனக்கே பல் கூசியது. அந்த மனிதரோ ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கன்னடத்தில் ஏதோ கேட்க, அவர், "நோவில்லா" என்றார்.

அந்தச் சொல் என்னை நிறுத்தியது. இவ்வளவு பெரிய புண், இவ்வளவு வீக்கம், வலி இல்லையா? படிக்கிற காலத்தில் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் வரும், பரீட்சைக்குக்கூட கேட்க மாட்டார்கள் என்று நாங்கள் புரட்டிவிட்டுப் போன பக்கம். கறுத்த புண், பெரிய வீக்கம், வலி மட்டும் இருக்காது.

"ஏங்க, சமீபத்துல ஆடு மாடு ஏதாச்சும் உரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "மேய்ஞ்சிக்கினு இருந்த ஆடு ஒண்ணு திடீர்னு உழுந்து செத்துப்போச்சிங்க மேடம். ஆறேழு நாளு இருக்கும். இவருதான் உரிச்சாரு. ஏனுங்க?"

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வருகிற அடைப்பான் நோய், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ், நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு நின்ற இடத்திலேயே சரியும். மூக்கிலும் பின்பக்கமும் உறையாத கறுப்பு ரத்தம் கசியும். அந்த ரத்தம் முழுக்கக் கிருமி. உரிக்கிறவர் கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். கறி வழியாக வயிற்றுக்குள் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். மண்ணில் சிந்தினால் விதை மாதிரி வருடக் கணக்கில் காத்துக் கிடக்கும். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியுமே தவிர, அந்தக் கிருமியை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் அவருக்கு. சீட்டு எழுதிக்கொண்டே, "அடைப்பானா? மனுஷனுக்கா? சரி, எடுத்துப் பாருங்க" என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு கொப்புளத்து நீரை மூன்று ஸ்லைடுகளில் தடவிக் காயவைத்தேன். ஸ்லைடு என்பது விரல் நீளக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், அப்புறம் ஸ்பிரிட்டால் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்கிற கிருமி ஒரு ஜாதி. ஸ்பிரிட்டில் ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்றுக்கொள்கிற கிருமி இன்னொரு ஜாதி. அடைப்பான் கிருமி ஊதாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டு, "பஸ்ஸு போயிடுமுங்க மேடம். இதை வுட்டா சாயந்தரந்தான்" என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்குள்ளும் ஒரு பரபரப்பு. வெளியே மலேரியா ரத்தம் எடுக்க ஆட்கள் வேறு காத்திருந்தார்கள். அவசர அவசரமாகச் செய்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குச்சி குச்சியாக நிறையக் கிருமி இருந்தது. எல்லாம் சிவப்பு.

மூச்சு விட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வெளியே வந்து, "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. கட்டு மட்டும் நனையாம பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ரிஜிஸ்டரில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. சிவப்பாக வருகிற கிருமிகளை அழுக்குப் புண்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவை பொடிப்பொடியாக, முனை மழுங்கி இருக்கும். இப்போது பார்த்தவையோ பெரிய பெரிய குச்சிகள். முனை வெட்டிவிட்டது போலச் சதுரம். ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சங்கிலி கோத்து நின்றன. மறுபடி பார்த்தேன். உருவம் அப்படியே அந்தப் பாடப்புத்தகத்துப் படம். நிறம் மட்டும்தான் ஒத்துவரவில்லை. நிறம் என் கை கொடுத்தது. ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டு அந்தப் பெண் சொன்ன பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேனே, எத்தனை நொடி நின்றேன்? அதிக நேரம் கழுவினால் எந்தக் கிருமியும் ஊதாவை விட்டுவிடும்.

 இரண்டாவது ஸ்லைடை எடுத்தேன். இந்த முறை என் கையையே நான் நம்பத் தயாராக இல்லை. நர்ஸ் அறையில் என் சாப்பாட்டுத் தூக்கில் தயிர்சாதம் இருந்தது. தயிரில் இருக்கிற கிருமி கட்டாயம் ஊதாவாக வர வேண்டியது. ஒரு துளி தயிரை எடுத்து அதே ஸ்லைடின் மறு ஓரத்தில் தடவினேன். என் கழுவல் தப்பானால் தயிரும் சிவப்பாகும், எனக்குத் தெரிந்துவிடும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு கழுவினேன்.

தயிர் ஊதா. இந்தப் பக்கம் கொப்புளத்து நீரிலும் குச்சிகள் அத்தனையும் ஊதா.

எழுந்து ஓடினேன். டாக்டரிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. ரோட்டோர டீக்கடை முன்னால் பஸ் கிளம்பி உருண்டுகொண்டிருந்தது. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழ, குறுக்கே போய் நின்றேன். பிரேக் போட்ட டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினார். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, "அண்ணே, நம்ம சளி டெஸ்ட் மேடம்" என்றார்.

ஏறிப் பார்த்தால் பஸ் நிறைய ஜனம். அவர்கள் இருவரும் நடுவில் நின்றிருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. "நான் தப்பாப் பாத்துட்டேங்க. ஒண்ணும் இல்லேன்னு சொன்னது தப்பு. எறங்கி வாங்க, உடனே ஊசி போடணும்" என்றேன்.  அத்தனை பேர் முன்னால் தப்பு என்று சொன்னபோது காது மடல் சுட்டது.

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "மேடம், நாங்க அவசரமா போவணுமுங்க. காலைல இன்னும் ரெண்டு ஆடு செத்துக் கெடந்துச்சி. நாளைக்கு ஊருல மாரியம்மன் பண்டிகை. பண்டிகைக்கு ஆச்சின்னு கறியைக் கூறு போடறாங்கோ. எங்க கூறை வாங்கணும்."

 இது ஒருவர் கையில் இருக்கிற புண் என்றுதான் ஓடி வந்தேன். இப்போது ஒரு ஊரே அந்தக் கறியை அடுப்பில் வைக்கப் போகிறது.

இருவரையும் கூட்டி வந்து, நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். லேப் அலமாரியில் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடந்த மெதிலீன் நீலம் பாட்டில் ஒன்று இருந்தது. அந்தச் சாயம் பழசானால் ஒரு குணம் வரும். அடைப்பான் கிருமி தன்மேல் போர்த்தியிருக்கிற உறையை அது இளஞ்சிவப்பாகக் காட்டும். மூன்றாவது ஸ்லைடில் அதை ஊற்றிப் பார்த்தேன். நீலக் குச்சிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ரோஜா நிறத்தில் புகை மாதிரி ஒரு போர்வை. இனி சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். "என்னாங்க தெரியுது அதுல?" என்று கேட்டாள். நகர்ந்துகொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு, "மூங்கிக் கழியைக் கணு கணுவா வெட்டிப் போட்டாப்ல கீது" என்றாள். பாடப்புத்தகத்திலும் ஏறக்குறைய அதேதான் எழுதியிருக்கும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

டாக்டரும் வந்து பார்த்தார். கண்ணை எடுக்காமல் வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நான் காலேஜ்ல படத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடைப்பான்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா? அந்த ஊர்க் கறியை அப்படியே புதைக்கச் சொல்லப் போறோம். தப்பா இருந்தா ரெண்டு பேரும் மாட்டுவோம்" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தப்பாகச் சொன்னவள் நான். அது அவருக்கும் தெரியும், பஸ்ஸிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். இருந்தும் கேட்டார். ரிப்போர்ட் எழுதி, என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். 

கணவருக்குப் பென்சிலின் ஊசி போட்டு வார்டில் படுக்க வைத்தார்கள். அந்த ஊருக்குப் போக எங்கள் சுகாதார நிலையத்து ஜீப் கிளம்பத் தயாரானபோது அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "நீங்க வாயால சொன்னா எங்கூர்ல நம்ப மாட்டாங்க மேடம். எனக்குக் காட்டுனீங்களே, அதை எடுத்தாங்க" என்றாள்.

எனக்குத் தோன்றாத யோசனை. மரப்பெட்டியில் வைத்து மைக்ராஸ்கோப்பை மடியில் ஏற்றிக்கொண்டேன். வழியில் கால்நடை ஆஸ்பத்திரியில் மருத்துவரை ஏற்றிக்கொண்டோம். அவர் ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். கற்சாலையில் ஜீப் குதிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனேன்.

ஊர்ப் பொது இடத்தில் பொரச இலைகளைப் பரப்பி, கறி கூறு கூறாக வைத்திருந்தது. நாற்பது கூறாவது இருக்கும். ஒரு ஆட்டின் தோலை வேலியில் விரித்திருந்தார்கள். இன்னொரு ஆடு அறுபடாமல் பக்கத்தில் கிடந்தது. டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். "செத்த ஆட்டை நாங்க இன்னிக்குப் புதுசாவா திங்கறோம்? நெருப்புல வெந்தா எல்லாம் செத்துப்போவுமுங்க. பண்டிகைக்கு ஆத்தா குடுத்த கறிங்க இது. புதைன்னா எப்படிங்க புதைக்கறது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார், ஆனால் மரியாதை குறையவில்லை. எனக்கு அவர்கள் பக்கத்து நியாயமும் தெரிந்தது. அங்கே பல வீடுகளில் கறி என்பது வருடத்தில் மூன்று நாலு நாள் விஷயம். டாக்டர் போலீஸைக் கூப்பிட வேண்டிவரும் என்று ஆரம்பித்தார். கூட்டம் இன்னும் இறுகியது.

கால்நடை மருத்துவர் யாரிடமும் பேசாமல் அறுபடாத ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவினார். நான் ஒரு மாட்டு வண்டியின் பலகைமேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, நீலச் சாயம் போட்டு, வெயிலைக் கண்ணாடியில் பிடித்தேன். சத்தம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கவே எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

அதே குச்சிகள், அதே சங்கிலி. ரத்தம் முழுக்க அவைதான்.

அந்தப் பெண்ணை முதலில் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். சத்தமாக, ஊருக்கே கேட்கிறாற்போல் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு கையில இருந்ததும் இதேதான். நான் ரெண்டையும் என் கண்ணால பாத்துட்டேன். அவரு கட்டில்ல படுத்துக் கெடக்கறாரு. வந்து நீங்களும் பாருங்க. பாத்துட்டு அப்பறமும் திங்கறதுன்னா தின்னுங்க."

ஊர்ப் பெரியவர் வந்தார். அவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். பெண்கள் வந்தார்கள், இடுப்புக் குழந்தையோடு வந்தார்கள். ஒருவர், "இத்தினி இத்தினியூண்டு இருந்துக்கினு ஆட்டைச் சாய்க்குதா?" என்று கேட்டார். ஆமாங்க, ஆளையும் சாய்க்கும் என்றேன். "வேவுறப்ப சாவாதா?" என்று இன்னொருவர். "நல்லா வெந்தா கறியில இருக்கறது சாவலாம். ஆனா அறுக்கறப்ப, கழுவறப்ப உங்க கையிலயும் அருவாமணையிலயும் ஒட்டிக்குதே, அதை எந்த அடுப்புல வேக வைப்பீங்க?" என்றேன். 

அந்தப் பெண் பொரச இலையோடு தன் வீட்டுக் கூறை, டாக்டர் கொடுத்த பாலிதீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்தாள். "குழி எங்கேங்க?" என்று கேட்டாள்.

ஊர்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கடப்பாரை எடுத்தாங்கடா" என்றார்.

ஊருக்கு வெளியே, கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டினார்கள். எல்லாக் கூறும், தோலும், அறுபடாத ஆடும், ரத்தம் சிந்திய இடத்து மண்ணும் அதற்குள் போயின. மேலே மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு. ஒரு வீட்டில் அதற்குள் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் மண்பானையோடு தூக்கி வந்து குழியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.  கறி அறுத்தவர்கள் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, டாக்டர் அங்கேயே ஊசி போட்டார். மறுநாளே மந்தைக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார் கால்நடை மருத்துவர். பண்டிகைக்கு ஊர் முழுக்கக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரத்தில் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் கையில் சின்னக் கொப்புளத்தோடு வந்தார்கள். கறுப்பதற்கு முன்பே, தாங்களாகவே வந்தார்கள். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். முதலில் வந்த மனிதரின் புண்ணும் ஆறித் தழும்பானது. யாரும் சாகவில்லை. மேலிடத்து லேபுக்கு அனுப்பியிருந்த ஸ்லைடுகளுக்கு சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான் எழுதியிருந்ததையே அவர்களும் உறுதி செய்திருந்தார்கள். டாக்டர் அதை மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தார். படித்துவிட்டு, "இதை நான் பூச்சிக்கடின்னு அனுப்பிட்டேன். கண்டுபிடிச்சது இவங்க" என்று என்னைக் காட்டினார். அப்படிச் சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கடத்தூர் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, நான் மாவட்டத்தையே காப்பாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வருடம் அதே வேலை பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிகளில், இரண்டு கண்ணாலும் பார்க்கிற நல்ல மைக்ராஸ்கோப்புகளில் பார்த்தேன். இன்றைக்கும் மனம் சோர்ந்துபோகிற நாளில் அந்தப் புதன்கிழமையை நினைத்துக்கொள்கிறேன். தப்பு என்று தெரிந்ததும் ஓடிப்போய் அதைச் சொன்னதும், சொன்ன பிறகும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் என்னை நம்பித் தன் ஊரையே என் பின்னால் நிறுத்தியதும் என் வாழ்நாளில் நான் சம்பாதித்த பெரிய மரியாதை என்று தலை நிமிர்ந்து சொல்வேன்.